தானாக வந்து நிற்கும் இன்ஸ்டாலர்: கூப்பிடுவது யார் என்று கண்டுபிடித்து நிறுத்துவது

நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. ஆனாலும் ஒரு செட்டப் விண்டோ தானாக வந்து நிற்கிறது. கேன்சல் கொடுத்தால் போகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வருகிறது. டிடிபி சென்டர், ஆடிட்டர் ஆபீஸ், காலேஜ் லேப், ஜெராக்ஸ் கடை என்று மதுரையில் கம்ப்யூட்டர் காலையில் இருந்து ராத்திரி வரை ஓடுகிற இடங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சர்வீஸுக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் ஒரே மருந்துதான்: "வைரஸ் சார், ஃபார்மட் அடிச்சிருவோம்." பல நேரம் அது வைரஸே கிடையாது. ஃபார்மட் அடித்து, எல்லா சாஃப்ட்வேரையும் மறுபடி ஏற்றி, டிஜிட்டல் கையெழுத்துக்கான பழைய யுஎஸ்பி டோக்கனைச் சொருகியதும் அதே விண்டோ வந்து நிற்கும்.

விண்டோவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஏதோ ஒன்று அதைக் கூப்பிடுகிறது, அதைத்தான் பிடிக்க வேண்டும். எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேரைத் திறக்கும்போது மட்டும் வந்தால் அது ரிப்பேர் பிரச்சினை. எதையாவது சொருகியதும் வந்தால் அந்தப் பொருளுக்குள்ளேயே செட்டப் இருக்கிறது. லாகின் ஆனதும், அல்லது மணிக்கு ஒருமுறை வந்தால் ஸ்டார்ட்அப்பிலோ, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலோ எதுவோ உட்கார்ந்திருக்கிறது. ஸ்கிரீனின் வலது கீழ் மூலையில் மட்டும் எட்டிப் பார்த்தால் அது இன்ஸ்டாலரே இல்லை, பிரவுசர் நோட்டிஃபிகேஷன்.

மூடுவதற்கு முன்

அடுத்த முறை வந்ததும் உடனே மூடாதீர்கள். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் மங்கி, எஸ் அல்லது நோ என்று அனுமதி கேட்டால், அதில் 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டினால் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது என்று தெரியும். பப்ளிஷர் பெயர் இருக்கும் இடத்தில் 'அன்நோன்' என்று இருந்து, ஃபைல் டெம்ப் (தற்காலிக ஃபைல்களுக்கான) ஃபோல்டரில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'நோ' கொடுங்கள்.

அனுமதி கேட்காமல் நேரடியாக வருகிற விண்டோ என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அந்த விண்டோவின் பெயரை ரைட் கிளிக் செய்து 'கோ டு டீடெய்ல்ஸ்' கொடுங்கள். அங்கே மேலே இருக்கும் தலைப்பு வரிசையை ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' போய், 'கமாண்ட் லைன்' என்பதை டிக் செய்தால், எந்த ஃபைல் என்ன கட்டளையோடு ஓடுகிறது என்ற முழு வரியும் தெரியும். அந்த வரியைக் குறித்து வைத்த பிறகு மூடலாம். புரோகிரஸ் பார் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் 'எண்ட் டாஸ்க்' கொடுக்காதீர்கள். பாதியில் அறுந்த இன்ஸ்டாலேஷன்தான் நாளைக்கு இதே தலைவலியாகத் திரும்பி வரும். இன்ஸ்டால் ஆகும்போது கரண்ட் போனாலும் இதே கதிதான். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன டெஸ்க்டாப்பில், மழை மேகம் கூடுகிற சாயங்காலத்தில் பெரிய சாஃப்ட்வேர் எதையும் ஏற்ற ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தால் மட்டும் வந்தால்

முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. டிசைன் சாஃப்ட்வேரையோ வேர்டையோ திறந்தால் அதற்கு முன்னால் 'பிளீஸ் வெயிட், விண்டோஸ் கான்ஃபிகர் செய்கிறது' என்று ஒரு சின்னப் பெட்டி ஊர்ந்துகொண்டு நிற்கும். இது விண்டோஸ் இன்ஸ்டாலரின் சுய ரிப்பேர். எம்எஸ்ஐ வகையில் (.msi செட்டப் ஃபைல் மூலம்) ஏற்றிய சாஃப்ட்வேர்களை அவற்றின் ஷார்ட்கட் வழியாகத் திறக்கும்போது, தேவையான ஃபைல்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று விண்டோஸ் சரிபார்க்கும். ஒன்று குறைந்தாலும் ரிப்பேர் ஆரம்பித்துவிடும். அந்த ஃபைலைத் திரும்ப வைக்க முடியாவிட்டாலோ, வைத்ததை வேறு எதுவாவது அழித்துவிட்டாலோ, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இதே கூத்துதான்.

எந்த ஃபைல் குறைகிறது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'ஈவென்ட் வியூவர்' திறங்கள். இடது பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. வலது பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' கொடுத்து, ஈவென்ட் சோர்ஸ் பட்டியலில் 'எம்எஸ்ஐ இன்ஸ்டாலர்' மட்டும் டிக் செய்யுங்கள். பெட்டி வந்த நேரத்தில் 1001, 1004 என்ற எண்களோடு இரண்டு எச்சரிக்கைகள் பதிவாகியிருக்கும். 1001-ல் எந்தப் புராடக்ட், அதில் எந்தப் பகுதி என்று இருக்கும். நமக்கு வேண்டியது 1004. அதன் கடைசி வரியில் 'இந்த ரிசோர்ஸ் இல்லை' என்று ஒரு ஃபைலின் முழுப் பாதையும் இருக்கும்.

அந்தப் பாதையைப் படித்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும். யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல் என்றால், அந்த விண்டோஸ் லாகினுக்கு இன்னும் செட்டப் முடியவில்லை என்று அர்த்தம். கேன்சல் கொடுக்காமல் ஒரே ஒரு முறை முழுதாக ஓட விடுங்கள், போய்விடும். அவசரத்தில் தினமும் கேன்சல் கொடுப்பதால்தான் அது தினமும் வருகிறது. முழுதாக ஓடிய பிறகும் மறுநாள் வந்தால், யாரோ அந்த ஃபைலை அழிக்கிறார்கள். ஆன்டிவைரஸ் பிடித்து ஒதுக்கி வைத்த ஃபைல்களின் குவாரன்டைன் பட்டியலைப் பாருங்கள். 'கிளீனர்' வகை சாஃப்ட்வேர் ஏதாவது தினமும் பெருக்குகிறதா என்று பாருங்கள்.

சரி செய்ய, செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், அந்த சாஃப்ட்வேருக்கு 'மாடிஃபை' இருந்தால் அதில் 'ரிப்பேர்' கொடுங்கள். பழைய செட்டப் ஃபைலைக் கேட்டால், முதலில் ஏற்றிய அதே வெர்ஷன் வேண்டும். புதிய வெர்ஷனைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாது. '1706' என்று எரர் வந்தால் செட்டப் கிடைக்காமல் தேடி அலைகிறது என்று பொருள். அன்இன்ஸ்டாலும் ஆகாமல், ரிப்பேரும் ஆகாமல் அடம்பிடித்தால், 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால்' என்று மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிரபிள்ஷூட்டரை ஓட்டி அதை வேரோடு எடுத்துவிட்டு, மறுபடி ஏற்றுங்கள்.

அவசரமாக வேலை முடிய வேண்டும், ரிப்பேரை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டெஸ்க்டாப் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். 'டார்கெட்' கட்டம் சாம்பல் நிறத்தில், மாற்ற முடியாமல் இருந்தால், சரிபார்ப்பைத் தூண்டிவிடும் ஷார்ட்கட் அதுதான். சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குப் போய், சாஃப்ட்வேரின் அசல் ஃபைலைக் கண்டுபிடித்து அதற்குப் புதிதாக ஒரு ஷார்ட்கட் போடுங்கள். பெரும்பாலும் பெட்டி வராமல் நேராகத் திறக்கும்.

இந்த வினைக்கு நாமே வழி செய்கிற இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கும், சில சமயம் பல ஜிபி இருக்கும். சி டிரைவ் சிவப்பாகிவிட்டது என்று அதைத் தூக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். எறிந்த அன்று ஒன்றும் தெரியாது; அடுத்து அப்டேட் செய்யும்போதோ அன்இன்ஸ்டால் செய்யும்போதோ ஒவ்வொரு சாஃப்ட்வேராக செட்டப் கேட்க ஆரம்பிக்கும். இடம் வேண்டுமென்றால் டிஸ்க் கிளீன்அப் ஓட்டுங்கள், டவுன்லோட்ஸைக் காலி செய்யுங்கள். அந்த ஃபோல்டரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இரண்டு எம்எஸ் ஆபீஸ் வெர்ஷன்கள் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தாலும் கான்ஃபிகர் பெட்டி மாறி மாறி வரும். ஃபைல்களைத் திறக்கும் உரிமையை இதுவும் அதுவும் பறித்துக்கொள்வதுதான் காரணம். ஒன்றை எடுத்துவிடுவதுதான் நிம்மதி.

சொருகியதும் வந்தால்

ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வைத்திருக்கும் ஆபீஸ்களில் இதுதான் முதல் சந்தேகம். யுஎஸ்பி பென்டிரைவில் இருந்து செட்டப் தானாக ஓடுவதை விண்டோஸ் எப்போதோ தடுத்துவிட்டது. சிடியில் இருந்து ஓடுவதைத் தடுக்கவில்லை. அதனால் சில டோக்கன்களும் இன்டர்நெட் டாங்கிள்களும் சொருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவ் போலக் காட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் டிரைவர் செட்டப்பை நீட்டும். ஹெச்பி லேசர்ஜெட் பி1102, எம்1132 போன்ற பிரின்டர்களில் இருக்கும் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' செய்வதும் இதைத்தான்.

டிரைவர் ஏற்கெனவே சரியாக இருந்தால் ஆட்டோபிளேயை நிறுத்திவிடலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'ஆட்டோபிளே'. விண்டோஸ் 10-ல் 'டிவைசஸ்' என்பதற்குள். பிரின்டர் பிரின்ட் எடுக்காமல், சிடி டிரைவாக மட்டுமே தெரிந்துகொண்டிருந்தால் கதை வேறு: டிரைவரே ஏறவில்லை. ஹெச்பி தளத்தில் இருந்து அந்த மாடலுக்கான முழு டிரைவரை எடுத்து ஏற்றுங்கள்.

லாகின் ஆனதும், அல்லது கடிகாரம் பார்த்து வந்தால்

டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் தெரியாத பெயர்களை 'டிசேபிள்' செய்யலாம், ஆனால் அங்கே எல்லாமே தெரியாது. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'ஆட்டோரன்ஸ்' என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து இறக்கி, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் போதும். ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' டிக் செய்யுங்கள், பட்டியல் சுருங்கிவிடும். 'லாகான்', 'ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்', 'சர்வீசஸ்' மூன்றையும் பாருங்கள். முதலில் குறித்து வைத்த ஃபைல் பாதை பெரும்பாலும் இங்கே எங்காவது இருக்கும். உடனே டெலிட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுங்கள். தப்பான ஆளைப் பிடித்திருந்தால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம்.

மணிக்கு ஒருமுறை வருவது அநேகமாக டாஸ்க் ஷெட்யூலர் வேலை. அதைத் திறந்து, லைப்ரரியில் ஒவ்வொரு டாஸ்க்கின் 'ட்ரிக்கர்ஸ்', 'ஆக்ஷன்ஸ்' இரண்டையும் பாருங்கள். பெயரை நம்பாதீர்கள். 'அப்டேட்டர்' என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆக்ஷனில் இருக்கும் பாதை ஆப்டேட்டா அல்லது டெம்ப் ஃபோல்டருக்குப் போனாலோ, கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லைக் கூப்பிட்டு ஒரு வெப்சைட் முகவரியைக் கொடுத்தாலோ சந்தேகம் வலுவாகிறது. அதை 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு காப்பி வைத்துவிட்டு 'டிசேபிள்' செய்யுங்கள். இரண்டு நாள் எதுவும் கெடவில்லை என்றால் டெலிட். அதோடு அது கூப்பிட்ட ஃபைல் எந்த சாஃப்ட்வேருடையதோ அதையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டாஸ்க்கை மட்டும் அழித்தால் மூல சாஃப்ட்வேர் இன்னொரு டாஸ்க்கை உண்டாக்கிக்கொள்ளும்.

இப்படிப்பட்டவை உள்ளே நுழையும் வாசல் இரண்டு. ஒன்று, கிராக் செய்த டிசைன் சாஃப்ட்வேர். ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டச் சொல்லும் எதுவும் நல்லதுக்குச் சொல்லவில்லை. இன்னொன்று, தமிழ் ஃபான்ட், தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் தேடிப் போய், கண்ட டவுன்லோடு தளத்தில் பெரிய பச்சை பட்டனை அழுத்துவது. அழகி, இ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர் எதுவானாலும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். செட்டப்பில் 'கஸ்டம்' கொடுத்து, கூடவே ஒட்டிக்கொண்டு வருவதற்கான டிக்கை எடுங்கள்.

சந்தேகமான ஃபைல் ஏற்கெனவே ஓடியிருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஓடும்; திறந்திருக்கும் வேலையை முதலில் சேவ் செய்துவிடுங்கள். 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை நடந்திருந்தால் பாஸ்வேர்டுகளை வேறு கருவியில் இருந்து மாற்றுங்கள்.

மூலையில் எட்டிப் பார்ப்பது

அந்தக் கட்டத்தில் சின்ன எழுத்தில் பிரவுசர் பெயரும் ஒரு தள முகவரியும் இருக்கும். குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத தளங்களை நீக்குங்கள், முடிந்தது. அதில் வரும் போன் நம்பருக்குக் கூப்பிட்டு, ரிமோட் கன்ட்ரோல் கொடுத்து, பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

காலேஜ் லேபில் மட்டும் வரும் இரண்டு

ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் சாஃப்ட்வேர் போட்ட லேபில், சரி செய்தது எதுவும் மறுநாள் இருக்காது. முதலில் அந்தப் பூட்டைத் திறந்து, இன்ஸ்டாலர் பிரச்சினையைத் தீர்த்து, மறுபடி பூட்ட வேண்டும்.

ஈவென்ட் வியூவரில் எல்லா சாஃப்ட்வேரின் பெயரிலும் வரிசையாக 1035 என்ற பதிவு ஒரே நேரத்தில் வந்தால், யாரோ ஸ்கிரிப்ட் எழுதி, என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். கம்ப்யூட்டரின் விவரங்களை ஸ்கிரிப்டுக்குத் தரும் டபிள்யூஎம்ஐயில் 'வின்32 புராடக்ட்' என்ற வகுப்பைக் கேட்டால் விண்டோஸ் பட்டியல் மட்டும் தராது. எம்எஸ்ஐ வகையில் ஏற்றிய ஒவ்வொன்றையும் சரிபார்த்து, தேவைப்பட்டால் ரிப்பேரும் செய்யும். லேப் அட்மினிடம் சொல்லி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் அன்இன்ஸ்டால் பகுதியில் இருந்து கணக்கெடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு சோதிக்கும்போது 'ஷட்டவுன்' கொடுத்து ஆன் செய்யாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், தொந்தரவு செய்த சாஃப்ட்வேரைத் திறங்கள், ஈவென்ட் வியூவரில் புதிய நேரத்தோடு 1004 வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கணக்குத் தீர்ந்தது.