மடக்கு கத்தியில இருக்கிற நம்பர் எல்லாம் சீரியல் நம்பர் இல்லைங்க: படிக்கிறது எப்படி?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய மடக்கு கத்தி ஒண்ண கையில எடுத்தாலே போதும், கடைக்காரர் "சார் அது நம்பர் போட்ட பீஸு, ஃபாரின்"னு ரேட்ட ஏத்திடுவாரு. நம்பர் இருக்கிறது நிஜம்தான். ஆனா முக்காவாசி நேரம் அது மாடல் நம்பரா இருக்கும், இல்ல வருஷக் குறியா இருக்கும், சில சமயம் வெறும் ஸ்டீலோட பேரா கூட இருக்கும். எது எதுன்னு பிரிச்சு பாக்க தெரிஞ்சாலே பாதி காசு மிச்சம்.

ஸ்டெப் 1: தேய்க்காதீங்க. துரு இருந்தா உடனே உப்புத்தாள் எடுக்கிற பழக்கம் நம்மாளுங்களுக்கு ஜாஸ்தி, அத செஞ்சீங்கன்னா துருவோட சேர்ந்து எழுத்தும் போயிடும், பழைய கத்தி சேக்கிறவங்க யாரும் அப்புறம் சீண்ட மாட்டாங்க. காட்டன் துணியில ரெண்டு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டு மெதுவா துடைங்க, அவ்ளோதான்.

ஸ்டெப் 2: இடத்த கண்டுபிடிங்க. பிளேடு கைப்பிடிக்குள்ள நுழையிற இடத்துக்கு கொஞ்சம் மேல கூர் இல்லாம தட்டையா ஒரு பகுதி இருக்கும், அதுக்கு டாங்னு பேரு. ரெண்டு பக்கமும் பாருங்க, ரெண்டு பிளேடு இருந்தா ரெண்டுலயும் பாருங்க. மொபைல் டார்ச்ச நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல சாய்ச்சு அடிக்கணும். அப்பவும் தெரியலன்னா முகத்துக்கு போடுற பவுடர ஒரு சிட்டிகை தேய்ச்சு மேலாக துடைச்சு விடுங்க, பள்ளத்துல பவுடர் நின்னு எழுத்து வெள்ளையா தெரியும். பாத்து முடிச்சதும் பவுடர சுத்தமா எடுத்துட்டு எண்ணெய் தடவிடுங்க, நம்ம ஊரு கடல்காத்துக்கு கார்பன் ஸ்டீல் ராத்திரியோட ராத்திரியா பழுப்பாயிடும்.

ஸ்டெப் 3: நம்பர பிரிங்க. இதுதான் மெயின் வேலை.

ஓபினெல்னு ஒரு பிரெஞ்சு கம்பெனி கத்தியில 8ன்னு இருந்தா அது சைஸ், பிளேடு சுமார் எட்டரை சென்டிமீட்டர். 440ன்னு இருந்தா ஸ்டீல் வகை. முன்னாடி பேட்டன்ட்னு போட்டு நீளமா நம்பர் இருந்தா அது அந்த டிசைனுக்கு வாங்கின உரிமை நம்பர், அதே மாடல்ல எல்லா கத்தியிலயும் அதேதான் இருக்கும்.

அமெரிக்காவுல பென்சில்வேனியா பிராட்ஃபோர்டுல செய்யிற கேஸ் (Case) கம்பெனி கத்தில 6254ன்னு பாத்தா, 6ன்னா கைப்பிடி எலும்பு, 2ன்னா ரெண்டு பிளேடு, 54 அந்த டிசைனோட நம்பர், டிராப்பர்னு சொல்லுவாங்க. 5ல ஆரம்பிச்சா மான் கொம்பு. இதுல ஒரு உள்குத்து இருக்கு, ஒரு காலத்துல பிளாஸ்டிக் கைப்பிடிக்கும் 6தான் போட்டிருக்காங்க, அதனால நம்பர மட்டும் நம்பி எலும்பு விலை குடுக்காதீங்க.

வருஷம் கேஸ் கத்தியில புள்ளியில இருக்கு. 1970ல பத்து புள்ளி வச்சாங்க, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணா குறைச்சு 1979ல ஒண்ணே ஒண்ணுதான். 1980ல திரும்ப பத்துலேர்ந்து ஆரம்பம், ஆனா பேர்ல இருக்கிற எஸ் எழுத்த மின்னல் மாதிரி கோணலா மாத்திட்டாங்க. அப்போ நாலு புள்ளி, சாதா எஸ்னா 1976. நாலு புள்ளி, மின்னல் எஸ்னா 1986. எஸ்ஸ கவனிக்காம விட்டா பத்து வருஷம் தப்பாயிடும் பாஸ். பக் (Buck)னு இன்னொரு அமெரிக்க கம்பெனில 1986லேர்ந்து மாடல் நம்பர் பக்கத்துல வருஷத்துக்கு ஒரு சின்ன குறி போடுறாங்க, அதுக்கு சார்ட் வச்சுதான் பாக்கணும். 1961 மாடல் சுவிஸ் சோல்ஜர் கத்தியில செஞ்ச வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கம் நேராவே இருக்கும், தொல்லையே இல்ல.

ஸ்டெப் 4: நிஜ சீரியலா? நிஜமான சீரியல் நம்பர் லிமிட்டெட் எடிஷன்லதான் அதிகமா வரும். 47/500 மாதிரி இருந்தா ஐநூறுல நாப்பத்தேழாவதுன்னு அர்த்தம். சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸோட டமாஸ்ட் (டமாஸ்கஸ் ஸ்டீல்) எடிஷன் அந்த வகை. இதுல டப்பா, சர்டிபிகேட், கத்தி எல்லாத்துலயும் ஒரே நம்பர் இருக்கணும், ஒண்ணு மாறினாலும் விலைய குறைச்சு கேளுங்க. நகைக்கடைக்காரங்க வச்சிருக்கிற லென்ஸ்ல பாருங்க: கோடு நடுங்கி நடுங்கி போயிருந்தா எவனோ கைல எழுதினது. பழைய கறை மேல நம்பர் மட்டும் பளபளன்னு புதுசா வெட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்க.

ஸ்டெப் 5: எழுதி வைங்க. டாங் ரெண்டு பக்கமும் போட்டோ, நம்பர், புள்ளி எத்தனை, எங்க வாங்கினது, என்ன விலை, எல்லாம் ஒரு ஷீட்ல. விக்க போடும்போது போட்டோல சீரியலோட கடைசி இலக்கத்த மறைச்சுடுங்க, அதே நம்பர்ல டூப்ளிகேட் சர்டிபிகேட் அடிக்கிறவனுக்கு நாமளே வழி காட்ட வேணாம். வாங்கினவர் ஃபிளைட்ல போறாருன்னா கத்திய செக்-இன் பேக்ல வைக்க சொல்லுங்க, கேபினுக்கு எடுத்துட்டு போனா மீனம்பாக்கத்துலயே பிடுங்கி வச்சுக்குவாங்க.