ஜெர்மன் டாங்கி எதிர்ப்புக் குண்டுகள்: நம்பர் சொல்வதற்கு முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர் டாங்கிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் "டைகரோட 88-க்கு முன்னாடி எதுவும் நிக்காது" என்று ஆரம்பித்துவிடுவார். பீரங்கிக் குழாயின் விட்டத்தை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. ஜெர்மன் டாங்கியான டைகர் 1-இன் 88 மி.மீ. பீரங்கி, பான்சர்கிரனாட்டே 39 என்ற வழக்கமான கவசம் துளைக்கும் குண்டை விநாடிக்கு 773 மீட்டர் வேகத்தில் அனுப்பும். ஜெர்மன் அட்டவணைப்படி 1000 மீட்டரில் 100 மி.மீ. கவசத்தைத் துளைக்கும். இன்னொரு ஜெர்மன் டாங்கியான பாந்தரின் பீரங்கி வெறும் 75 மி.மீ. தான், ஆனால் குழாய் நீளம், குண்டைத் தள்ளும் வெடிமருந்தும் அதிகம், அதனால் அதே தூரத்தில் 111 மி.மீ. வருகிறது. பான்சர் 4 டாங்கியின் நீளக்குழாய்ப் பீரங்கியும் 75 தான், அதற்கு 85. ஒன்றின் தோட்டா மற்றதில் நுழையவே நுழையாது.

அடுத்தது கோணம், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சோவியத் டாங்கியான டி-34-இன் முன்தகடு 45 மி.மீ., செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வு, கணக்குப் போட்டால் குண்டு கடக்க வேண்டிய தடிமன் 90 மி.மீ. உடனே "85 தானே துளைக்கும், அப்போ 1000 மீட்டரில் பான்சர் 4-ஆல் முடியாது" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 85 ஏற்கெனவே 30 டிகிரி சாய்ந்த தகட்டில் எடுத்த அளவு என்பதை யாரும் பார்ப்பதில்லை. சரி, அதைத் திருத்திவிட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது, ஏனென்றால் குண்டின் முனை சாய்வில் பிடிக்கிறதா வழுக்குகிறதா, எஃகு எப்படிப்பட்டது என்பதெல்லாம் இருக்கிறது. டி-34-இன் ரொம்பக் கடினமான எஃகு சின்னக் குண்டுகளை நன்றாகவே தாங்கியது. தகட்டின் தடிமனைவிட அகலமான குண்டு வந்து அடித்தால் தகடு விரிசல் விட்டு, உள்பக்கம் சில்லு தெறிக்கும்.

பான்சர்கிரனாட்டே 40 என்றால் 39-இன் மேம்பட்ட வடிவம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது டங்ஸ்டன் கரு வைத்த வேறு வகைக் குண்டு. எடை குறைவு, கிளம்பும்போது வேகம், ஆனால் காற்றிலேயே வேகத்தை இழந்துவிடும். பான்சர் 4-இன் அட்டவணையில் 500 மீட்டரில் 39-இன் 96 மி.மீ.க்கு எதிராக 120 என்று முன்னால் நிற்கும், 1500 மீட்டரில் 74-க்கு 77, அவ்வளவுதான் வித்தியாசம். 39-க்குள் கொஞ்சம் வெடிமருந்தும் உண்டு, துளைத்து உள்ளே போய் வெடிக்கும், 40-இல் அது கிடையாது. போதாக்குறைக்கு டங்ஸ்டன் தட்டுப்பாடு வேறு, ஆகவே 40-இன் எண்ணை எடுத்துவந்து "பீரங்கியின் திறன்" என்று வாதாடுவது எனக்கு ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது.

ஹாலோ சார்ஜ் (குழிவாக வெடிமருந்து வைத்த) குண்டுக்கு இந்தத் தூரக் கணக்கே பொருந்தாது. வெடிக்கும்போது உருவாகும் உலோகத் தாரைதான் கவசத்தைத் துளைக்கிறது, குண்டின் வேகம் இல்லை. பக்கத்திலிருந்து சுட்டாலும் தூரத்திலிருந்து சுட்டாலும் துளைப்பது ஒன்றுதான். 75 மி.மீ. பீரங்கியில் அது விநாடிக்கு சுமார் 450 மீட்டரில்தான் கிளம்பும், வளைந்து போகும், ஓடுகிற டாங்கியில் தூரத்திலிருந்து பட வைப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம் கையில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதமான பான்சர்ஃபாஸ்ட் 60 என்பதைப் பார்த்து 60 மி.மீ. துளைக்கும் என்று எழுதாதீர்கள். அந்த 60 சுடும் தூரம், மீட்டரில். துளைப்பது சுமார் 200 மி.மீ.