சமரசம் பேசப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற வாரம் வகுப்பில் சைப்ரஸ் பேச்சுவார்த்தையை ஒத்திகை பார்த்தோம். ஐ.நா. தூதராக அமர்ந்த மாணவி, முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு தரப்பு கேட்ட நிதியுதவியை உறுதிசெய்துவிட்டார். "நல்லெண்ணம் வளரும், சார்" என்றார். மாணவனாக இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன். அடுத்த அமர்வில் அந்தத் தரப்பு நாற்காலியைக்கூட மேசைப் பக்கம் இழுக்கவில்லை.

நடுநிலை தவறாதே, வரலாறு படி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

முழுக்கூலியை முன்பே கொடுப்பது

தளம் போடும் முன் கொத்தனாருக்கு மொத்தக் கூலியையும் யாராவது கொடுப்பார்களா? ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. 1974 முதல் வடக்கே துருக்கியத் தரப்பு, தெற்கே கிரேக்கத் தரப்பு என்று பிளந்து கிடக்கும் சைப்ரஸ் தீவில் அதன் துருப்புச்சீட்டு, உறுப்பினர் இடம். தீர்வு வந்தால்தான் சேர்ப்போம் என்ற நிபந்தனை இல்லை என்று 1999 ஹெல்சிங்கி மாநாட்டிலேயே சொல்லிவிட்டார்கள். 2003 ஏப்ரலில் சேர்க்கை ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. (சைப்ரஸை விட்டுவிட்டால் மற்ற நாடுகளையும் சேர்க்க விடமாட்டோம் என்று கிரேக்கம் மிரட்டியது உண்மை. அதனால் தவறு சரியாகிவிடாது.)

முரண்டு பிடிப்பவர் துருக்கிய சைப்ரஸ் தலைவர் டெங்க்தாஷ் மட்டுமே என்பது அவர்கள் போட்ட கணக்கு. தீவை மீண்டும் இணைக்க ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் முன்வைத்த திட்டத்தை 2003 மார்ச்சில் ஹேக் நகரில் அவர் மறுத்தபோது கணக்கு சரியென்றே தோன்றியது. ஆனால் அதற்குள் தெற்கே பாப்பாடோபுலோஸ் அதிபராகிவிட்டார். ஓராண்டு கழித்து, அன்னான் திட்டத்தை நிராகரிக்கும்படி தொலைக்காட்சியில் மக்களைக் கேட்டுக்கொண்டவர் அவர்தான். 2004 ஏப்ரல் 24 வாக்கெடுப்பில் துருக்கியத் தரப்பில் சுமார் 65 சதவீதம் 'ஆம்'. கிரேக்கத் தரப்பில் சுமார் 76 சதவீதம் 'இல்லை'. மே 1 அன்று 'இல்லை' என்றவர்களின் அரசு ஒன்றியத்தில் அமர்ந்தது. 'ஆம்' என்ற வடக்கில் ஒன்றியச் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

துருக்கியப் படை, உத்தரவாத நாடுகளின் (கிரேக்கம், துருக்கி, பிரிட்டன்) தலையீட்டு உரிமை என்று கிரேக்கத் தரப்புக்கு நியாயமான அச்சங்கள் இருந்தன. மறுத்தாலும் எதையும் இழக்கப்போவதில்லை என்றானபின், அவற்றைப் பேரம் பேசித் தீர்க்க யார் மெனக்கெடுவார்கள்?

துப்பாக்கி ஓய்ந்தால் அவசரமில்லை என்று நினைப்பது

அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ-கராபாக்கில், 1994 போர்நிறுத்தத்துக்குப் பின் சமரசம் பேச வந்த பன்னாட்டு மின்ஸ்க் குழு பேசிக்கொண்டே இருந்தது. அஜர்பைஜான் எண்ணெய்ப் பணத்தில் ஆயுதம் வாங்கிக்கொண்டே இருந்தது. 2020இல் 44 நாள் போர். 2023இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் ஊரைவிட்டே போனார்கள்.

தலைவரோடு மட்டும் பேசுவது

கராபாக் சிக்கலில் படிப்படியான தீர்வுக்கு இசைந்த ஆர்மீனிய அதிபர் டெர்-பெட்ரோசியான், சொந்த அரசுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பால் 1998 பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது.