அமெரிக்காவில் பிளாஸ்மா கொடுத்துப் பணம் பெறுவது: முதல்முறை செல்வோருக்குப் படிப்படியான விளக்கம்

சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் படுத்திருந்தால் ஐம்பது டாலர் கிடைக்கும் என்று நண்பர் யாராவது சொல்லியிருப்பார். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைச் சேகரிக்கும் மையத்தின் விளம்பரமும் கண்ணில் பட்டிருக்கும். போகலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் நெருடலாகவே இருக்கும். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் அங்கே காசுக்கு இரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலோ பிளாஸ்மாவுக்குப் பணம் தருவது சட்டத்துக்கு உட்பட்ட பெரிய தொழில். உலகில் மருந்து தயாரிக்கச் சேகரிக்கப்படும் பிளாஸ்மாவில் பாதிக்கும் மேல் இங்கிருந்துதான் போகிறது. பணம் வாங்காமல் கொடுப்பதே முறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த விவாதத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. உடல்நலம் உள்ளவர் அளவோடு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அளவை மையம் முடிவு செய்ய விடக்கூடாது என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது.

படி 1: எதைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரத்தத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் பிளாஸ்மா. வைக்கோல் நிறத் திரவம். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மீதியில்தான் விஷயம் இருக்கிறது: ஆல்புமின், நோய் எதிர்ப்புப் புரதங்கள், இரத்தத்தை உறைய வைக்கும் காரணிகள். ஹீமோபிலியா எனும் இரத்தம் உறையாத நோய், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாமை, கடுமையான தீக்காயம் போன்றவற்றுக்கான மருந்துகள் இதிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றன. வெறிநாய்க்கடிக்கு ஆழமான காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) ஊசியிலும் யாரோ கொடுத்த பிளாஸ்மா இருக்கலாம்.

நீங்கள் கொடுப்பது அப்படியே ஒரு நோயாளிக்கு ஏற்றப்படுவதில்லை. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவோடு கலந்து தொழிற்சாலைக்குப் போகிறது. 1980களில் இப்படித் தயாரான மருந்துகள் வழியாக ஹீமோபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார்கள். இன்று வைரஸை அழிக்கும் பல கட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் மையத்தில் உங்களைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்பதற்கு அந்த வரலாறுதான் காரணம். எரிச்சல்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

படி 2: தகுதியும் காகிதங்களும்

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். எடை குறைந்தது 110 பவுண்டு, அதாவது சுமார் 50 கிலோ. அண்மையில் பச்சை குத்தியவர்களையும் காது, மூக்கு குத்தியவர்களையும் சில மாதங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். முழு இரத்தம் கொடுத்திருந்தால் எட்டு வாரம் கழியாமல் பிளாஸ்மா எடுக்க மாட்டார்கள். கர்ப்பிணிகள் கொடுக்கக்கூடாது. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்; பெயரை நினைவுபடுத்திக்கொண்டு நின்றால் வரிசை நகராது.

புகைப்பட அடையாள அட்டை, தற்போதைய முகவரிக்கான சான்று, சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள ஆவணம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். அந்த எண் இல்லாதவர்களிடம் எதை ஏற்பார்கள் என்பது மையத்துக்கு மையம் மாறும். நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டாம். சுற்றுலா, வணிக விசாவில் எல்லை கடந்து வந்து பிளாஸ்மா கொடுத்துப் பணம் பெறுவது கூலி வேலைக்குச் சமம் என்று 2021 ஜூனில் அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. 2022 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. அதாவது, இது வேலையா இல்லையா என்பதே நீதிமன்றம் வரை போன கேள்வி. நீங்கள் மாணவர் விசாவில் இருந்தால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு போங்கள். "எல்லோரும்தான் கொடுக்கிறார்கள்" என்று அறைத் தோழர் சொல்வது குடியேற்ற அதிகாரியிடம் செல்லாது.

படி 3: எத்தனை முறை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) விதிப்படி ஏழு நாளில் இரண்டு முறைக்கு மேல் கொடுக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 104 முறை. ஜெர்மனியிலும் கொடுப்பவருக்குப் பணம் உண்டு. ஆனால் அங்கே உச்சவரம்பு ஆண்டுக்கு 60. இதே அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இலவசமாகப் பிளாஸ்மா கொடுப்பவரை 28 நாளுக்கு ஒருமுறைதான் அனுமதிக்கிறார்கள். ஆண்டுக்கு 13 முறை. பணம் தரும் மையங்களில் ஒவ்வொரு முறையும் புரத அளவு சோதிக்கப்படுகிறது என்பது உண்மைதான். இருந்தாலும் 13, 60, 104 என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கை வேறு, உங்கள் உடலுக்குச் சரியான எண்ணிக்கை வேறு.

எடுத்த நீர் ஓரிரு நாளில் உடலில் ஈடாகிவிடும். புரதங்கள், குறிப்பாக நோய் எதிர்ப்புப் புரதங்கள், அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. அடிக்கடி கொடுப்பவர்களுக்கு அவற்றின் அளவு குறைவதும், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊசி ஏறி முழங்கை மடிப்பில் தழும்பு விழுவதும் உண்டு.

மையங்களின் ஊக்கத்தொகையோ உங்களை உச்சவரம்பை நோக்கியே தள்ளும். வாரத்தின் முதல் முறைக்குக் குறைவாகவும் இரண்டாம் முறைக்குக் கூடுதலாகவும் தருவது பரவலான வழக்கம். புதியவர்களுக்கு முதல் மாதத்தில் பல நூறு டாலர் என்று விளம்பரம் செய்வார்கள். குறித்த நாட்களுக்குள் குறித்த எண்ணிக்கையை முடித்தால்தான் அது முழுமையாகக் கைக்கு வரும். வாரம் ஒருமுறை, மாதத்தில் ஒரு வாரம் ஓய்வு என்பது என் பரிந்துரை. மருத்துவ விதி அல்ல, என் கருத்து. நீங்கள் வேறு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஊக்கத்தொகைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அந்தப் பிளாஸ்மா மருந்தாகாது. ஆறு மாதத்துக்குள் இரண்டாம் முறை வந்து, இரண்டு சோதனைகளிலும் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே முதலில் எடுத்ததைப் பயன்படுத்துவார்கள்.

படி 4: முந்தைய நாளும் அன்று காலையும்

தண்ணீரை முந்தைய நாளே தாராளமாகக் குடிக்கத் தொடங்குங்கள். மைய வாசலில் நின்று ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக்கொள்வதால் பயன் குறைவு. பருப்பு, முட்டை, தயிர், மீன், இறைச்சி என்று புரதம் உள்ள எதையாவது நன்றாகச் சாப்பிடுங்கள். சைவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் பொரித்ததைத் தவிருங்கள். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் பிளாஸ்மா பால்போல் கலங்கி வரும், அது பயன்படாமல் போகலாம். மது வேண்டாம். வெறும் வயிற்றில் போகவே போகாதீர்கள். மயங்கி விழுவோரில் பலர் அப்படி வந்தவர்களே.

படி 5: முதல் நாள் சோதனை

முதல் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். கேள்விப் பட்டியல், உடல் பரிசோதனை, ஒப்புதல் படிவம் என்று நீளும். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். இதை மட்டுமாவது படியுங்கள்.

பிறகு விரல் நுனியில் குத்துவார்கள். கசியும் இரத்தம் ஊசிபோல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏறும். அதைச் சுழற்றும் கருவியில் வைத்து எடுத்தால் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் எனப் பிரிந்திருக்கும். சிவப்பின் நீளத்தை அளந்து சிவப்பணுக்களின் விகிதத்தைப் பார்ப்பார்கள். பெண்களுக்கு 38 சதவீதமும் ஆண்களுக்கு 39 சதவீதமும் குறைந்தபட்சம். குழாயை உடைத்து அந்த ஒரு துளி மஞ்சளை ஒளிவிலகல் கருவியில் வைத்தால் புரத அளவு தெரியும். டெசிலிட்டருக்கு 6 முதல் 9 கிராமுக்குள் இருக்க வேண்டும். 5.8 என்று வந்தால் அன்று வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரத்த அழுத்தம், காய்ச்சல், நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். நாடி நிமிடத்துக்கு 50 முதல் 100 வரை இருக்க வேண்டும். படபடப்பில் 105 காட்டித் திருப்பி அனுப்பப்படும் புதியவர்கள் உண்டு. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவர் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு உள்ளே போகலாம்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள் ஒவ்வொரு முறையும் நடக்கும். அவற்றில் தொற்று உறுதியானால் உங்களுக்குத் தெரிவிப்பதோடு, நாடு முழுவதற்கும் பொதுவான விலக்குப் பட்டியலிலும் பெயர் சேரும். அதன்பின் வேறு மையத்திலும் கொடுக்க முடியாது.

படி 6: நாற்காலியில்

ஊசி, வழக்கமான இரத்தப் பரிசோதனை ஊசியைவிடத் தடிமன். குத்தும் நொடியில் வலிக்கும், பிறகு மரத்துவிடும். இயந்திரம் இரத்தத்தை எடுத்துச் சுழற்றி, பிளாஸ்மாவைப் பாட்டிலுக்கு அனுப்பிவிட்டு, சிவப்பணுக்களை அதே ஊசி வழியாகத் திருப்பிச் செலுத்தும். கைப்பட்டை இறுகும்போது எடுக்கிறது என்று பொருள். அப்போது கையை மூடி மூடித் திறங்கள். பட்டை தளரும்போது திரும்பி வருகிறது. கையை அசைக்காமல் வையுங்கள். இப்படிப் பல சுற்றுகள். கடைசியில் உப்புநீர் ஏற்றினால் கை முழுக்கச் சில்லென்று ஏறும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கையோடு இருக்கட்டும்.

எவ்வளவு எடுப்பது என்பது நீண்ட காலமாக எடையைப் பொறுத்தே இருந்து வருகிறது. உறைவுத் தடுப்புத் திரவத்தையும் சேர்த்து 110 முதல் 149 பவுண்டு வரை 690 மி.லி., 150 முதல் 174 வரை 825 மி.லி., அதற்கு மேல் 880 மி.லி. புதிய இயந்திரங்கள் சிலவற்றில் உயரத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். பல மையங்களில் தொகையும் எடைக்கு ஏற்ப மாறும் என்பதால், நண்பருக்கு 60 டாலர் வந்தது, எனக்கு 45 தானா என்று சண்டை போட வேண்டாம்.

உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலோ, விரல் நுனிகள் மதமதத்தாலோ, வாயில் உலோகச் சுவை தெரிந்தாலோ உடனே ஊழியரைக் கூப்பிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இது வருகிறது. வேகத்தைக் குறைத்து, கால்சியம் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேசாமல் பொறுத்துக்கொண்டால் தசைப்பிடிப்பு வரை போகலாம். ஊசி இருக்கும் இடம் வீங்கினாலோ எரிந்தாலோ அதையும் அந்த நொடியே சொல்லுங்கள். "இன்னும் ஐந்து நிமிடம்தானே" என்ற தாட்சண்யம் இங்கே கூடாது. ஏதோ கோளாறால் சிவப்பணுக்கள் திரும்ப ஏறாமல் போய், இழப்பு குறித்த அளவைத் தாண்டினால் எட்டு வாரம் இடைவெளி விடச் சொல்வார்கள். அது தண்டனை அல்ல, பாதுகாப்பு.

படி 7: எழுந்த பிறகு

பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் போட்ட கட்டைச் சில மணி நேரம் அவிழ்க்காதீர்கள். ஊசி ஏறிய கையால் அன்று கனமான பையைத் தூக்க வேண்டாம். உடற்பயிற்சிக் கூடத்துக்கு விடுமுறை. தலை சுற்றினால் அங்கேயே படுத்துக் கால்களை உயர்த்துங்கள். வண்டி ஓட்ட வேண்டாம்.

படி 8: பணம்

ரொக்கமாகத் தருவது அரிது. மையம் தரும் டெபிட் கார்டில் தொகை ஏறும். ஒரு முறைக்குப் பெரும்பாலும் 30 முதல் 70 டாலர்; ஊரையும் பருவத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். கார்டோடு வரும் கட்டண அட்டவணையைப் பாருங்கள்: ஏ.டி.எம்.மில் எடுக்க ஒரு கட்டணம், பல மாதம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் ஒரு கட்டணம் என்று ஒளிந்திருக்கும். கடையில் பொருள் வாங்கிக் கார்டைக் காலி செய்வது எளிய வழி. போக வர ஆகும் நேரம், பெட்ரோல், காத்திருப்பு எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். சிலருக்கு அந்தக் கணக்கே போதும்.

இந்தப் பணம் வருமானம். வரிக் கணக்கில் காட்ட வேண்டும். பிளாஸ்மா கொடுத்துச் சம்பாதித்த பெண் ஒருவரின் வழக்கில் 1980இலேயே வரி நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அதற்காகவே சாப்பிட்ட சிறப்பு உணவின் கூடுதல் செலவைக் கழித்துக்கொள்ளவும் அவரை அனுமதித்தது. மையம் ஆண்டு இறுதியில் படிவம் எதுவும் அனுப்பாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். புரத அளவையும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டால் நல்லது. அந்த எண் மாதத்துக்கு மாதம் இறங்குவது தெரிந்தால், ஊழியர்கள் திருப்பி அனுப்பும் வரை காத்திருக்காமல் சில வாரம் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.