பழைய வீடுகளுக்கான ரெவிட் டெம்ப்ளேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் நகரத்தார் வீடுகளைப் புதுப்பிக்கும் பணிக்கு ரெவிட் என்னும் கட்டட வரைவு மென்பொருளைப் பயன்படுத்துவோர், முடிந்த வேலையொன்றின் கோப்பிலிருந்து சுவர்களையும் தளங்களையும் அழித்துவிட்டு, எஞ்சியதை டெம்ப்ளேட்டாக, அதாவது புதிய வேலைகளைத் தொடங்கும் மாதிரிக் கோப்பாக, சேமிப்பது முதல் தவறு. அந்த வேலைக்கென ஏற்றிய ஃபேமிலிகளும் (கதவு, சன்னல் போன்ற ஆயத்த உறுப்புகள்), ஆட்டோகேட் கோப்புகளை உள்ளே கொண்டுவந்தபோது ஒட்டிக்கொண்ட கோட்டு வகைகளும் அதிலேயே தங்கி, அடுத்தடுத்த வேலைகளையும் கனக்கச் செய்யும். வெற்றுக் கோப்பில் தொடங்கி, எல்லா வேலைகளுக்கும் பொதுவானவற்றை மட்டும் சேர்ப்பதே சரி.

பழைய வீட்டைப் பொறுத்தவரை, எது எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்பதைக் குறிக்கும் ஃபேஸ் அமைப்பில் நேரும் பிழையே மிகவும் தொல்லை தருவது. ரெவிட் இயல்பாகத் தரும் ‘எக்ஸிஸ்டிங்’, ‘நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்னும் இரண்டு ஃபேஸ்களில் (ஏற்கெனவே இருப்பது, புதிதாகக் கட்டுவது), புதிதாகத் திறக்கும் வியூ (வரைபடக் காட்சி) பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். அதைக் கவனியாமல் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என அளந்து வரைந்துகொண்டே போனால், தலைமுறைகள் கண்ட சுவர் அத்தனையும் புதுச் சுவராகப் பதிவாகும். பின்னர் அதே ஃபேஸில் அவற்றுள் ஒன்றை இடிப்பதாகக் குறித்தால், மென்பொருள் அதைத் தற்காலிகச் சுவராகவே கருதும். ஆகவே, இருப்பு நிலை வரைபடங்களுக்கான வியூக்களை ‘எக்ஸிஸ்டிங்’ ஃபேஸில் டெம்ப்ளேட்டிலேயே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இடிப்புக்கென்று இடையில் தனி ஃபேஸ் சேர்ப்பதும் வேண்டாம். சேர்த்தால், இடிபடும் சுவரையும் எழும்பும் சுவரையும் ஒரே வரைபடத்தில் காட்ட இயலாமல் போகும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்துக்கு டிராஃப்டிங் பேட்டர்ன் என்னும் நிரப்புக் கோலத்தைக் கொடுப்பவர்களும் உண்டு. அது தாளின் அளவுக்கேற்பவே தோன்றுமாதலால், வரைபடத்தின் ஸ்கேலை மாற்றியதும் கட்டங்கள் கல்லின் உண்மை அளவோடு பொருந்தா. மாறாக, கட்டடத்தின் உண்மை அளவைப் பின்பற்றும் மாடல் பேட்டர்னில் 10 அங்குலக் கல் எந்த ஸ்கேலிலும் 10 அங்குலமாகவே இருக்கும். எங்கே கல்லை வெட்ட வேண்டும் என்பதைக் கொத்தனார் வரைபடத்திலேயே கண்டுகொள்ளலாம். அனுமதி வரைபடத்துக்கு மீட்டரும் ஆசாரிக்கு அடி, அங்குலமும் தேவைப்படுவதால், இருவகை அளவுக்குறிகளையும் முன்கூட்டியே அமைத்துவிடலாம்.

டெம்ப்ளேட்டைத் திருத்தினால் நடந்துகொண்டிருக்கும் வேலைகளும் தாமாகத் திருந்தும் என்று நம்புவது மற்றொரு பிழை. தொடங்கிய கணமே திட்டக் கோப்பு டெம்ப்ளேட்டிலிருந்து பிரிந்துவிடுவதால், ‘டிரான்ஸ்ஃபர் ப்ராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ்’ என்னும் கட்டளை வழியாகத் தேவையானவற்றை ஒவ்வொன்றிலும் நாமே சேர்க்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்பதால், மென்பொருளை மேம்படுத்தும் முன் டெம்ப்ளேட்டின் பழைய பிரதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.