கிரீட் தீவுக்கு போறீங்களா? பிளான் போடும்போது இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

கிரீட் போறோம், பிளான் பாத்து சொல்லுங்கன்னு யார் அனுப்பினாலும் முதல் தப்பு ஒண்ணாத்தான் இருக்கும். தீவு தானே, ஒரே எடத்துல ரூம் போட்டு மூணு நாள்ல மொத்தமும் சுத்திடலாம்னு நெனச்சிருப்பாங்க. மேப்ல கிரீஸுக்கு கீழ ஒல்லியா படுத்திருக்கறதால வர்ற மயக்கம் அது. கிழக்குல இருந்து மேற்கு வரைக்கும் சுமார் 260 கிலோமீட்டர், நடுவுல 2,400 மீட்டருக்கு மேல போற மலைங்க. மேற்குல ஹானியாவுல இருந்து கிழக்கு கடைசியில இருக்குற வாய் (Vai)ங்கற பீச்சுக்கு போகணும்னா கார்லயே நாலரை, அஞ்சு மணி நேரம் ஆயிடும். அதனால ஒரு வாரம் தான் இருக்குன்னா மேற்கு பக்கமா, நடுவுலயா, கிழக்கான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஒரு பக்கத்த நிதானமா பாத்துட்டு வர்றது எவ்வளவோ மேல்.

இதோட சேந்ததுதான் ஏர்போர்ட் விஷயம். ஹெராக்ளியன்ல ஒண்ணு, ஹானியாவுல ஒண்ணு, கிழக்குல சிட்டியாவுல சின்னதா ஒண்ணு. ஹெராக்ளியனுக்கு டிக்கெட் கொஞ்சம் கம்மியா கெடைக்குதேன்னு போட்டுடுவாங்க, ரூம் ஹானியாவுல இருக்கும். நடுவுல 140 கிலோமீட்டர். ராத்திரி எறங்கி, புது கார், புது ரோடு, அதுவும் நமக்கு பழக்கமே இல்லாம ரோட்டுக்கு வலது பக்கமா ஓட்டணும், வேண்டவே வேண்டாம்.

கார் எடுக்குறது நல்ல முடிவு தான், ஆனா நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது, ஆர்டிஓல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிட்டு போகணும். வடக்கு கரையோரம் ஓடுற மெயின் ரோட்டுல மெதுவா போற வண்டிங்க வெள்ளக்கோட்ட தாண்டி ஓரமா ஒதுங்கி பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடுவாங்க, தெரியாம நடுவுலயே போயிட்டிருந்தா பின்னாடி ஒட்டிக்கிட்டே வருவாங்க. தெற்கு பக்கம் போற ரோடு எல்லாம் கொண்டை ஊசி வளைவு, திரும்புனா நடு ரோட்டுல ஆடு நிக்கும். மேப் சொல்ற நேரத்துக்கு மேல ஒரு அரை மணி சேத்துக்குங்க.

இன்சூரன்ஸ்ல ஒரு இடத்த எல்லாரும் படிக்காம கையெழுத்து போடுறாங்க. ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்லி குடுத்தாலும் மண் ரோட்டுல ஓட்டி டயருக்கோ வண்டி அடிப்பக்கத்துக்கோ அடிபட்டா பல கம்பெனில கவர் ஆகாது. பாலோஸ் பீச்சுக்கு போற கடைசி சுமார் எட்டு கிலோமீட்டர் அப்படிப்பட்ட ரோடு தான். நாங்க சின்ன கார்ல போனோம், அடியில டங்குன்னு ஒரு சத்தம், திருப்பி குடுக்குறப்போ ஆள் குனிஞ்சு டார்ச் அடிச்சு பாத்துட்டு டெபாசிட்ல கழிச்சுட்டாங்க. பேப்பர்ல எழுதியிருந்தது தான், நாங்க படிக்கல. கிசாமோஸ் துறைமுகத்துல இருந்து பாலோஸுக்கு போட் இருக்கு, அதுல போங்க. ஆனா ஜூலை ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்கு காத்து பலமா அடிக்கும், சில நாள் போட்டே போகாது. அதனால அத கடைசி நாள்ல வைக்காதீங்க.

சமாரியா பள்ளத்தாக்குக்கும் அதே தான். பொதுவா மே மாசம் தொறந்து அக்டோபர் கடைசியில மூடுவாங்க, நடுவுல வெயில் ரொம்ப ஏறினாலோ மழை வந்தாலோ அன்னைக்கு உள்ள விட மாட்டாங்க. ஓமலோஸ் பக்கம் 1,200 மீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு 16 கிலோமீட்டர் கீழ கடல் வரைக்கும் எறங்கணும். எறக்கம் தானே, ஈஸின்னு நெனச்சு செருப்புலயும் துணி ஷூலயும் வர்றாங்க. முழுக்க உருண்டைக் கல்லு, ரெண்டு மணி நேரத்துலயே கட்டைவிரல் நகம் ஷூ முன்னாடி போய் இடிக்க ஆரம்பிக்கும், நல்ல பிடிப்பான ஷூ இல்லாம எறங்காதீங்க. பெரிய தப்பு என்னன்னா, மேல கார நிறுத்திட்டு எறங்கறது. கீழ ஆயியா ரூமேலி ஊருக்கு ரோடே கிடையாது, அங்கிருந்து படகு பிடிச்சு சூயா இல்ல ஹோரா ஸ்ஃபாகியன் போய் பஸ் ஏறணும், உங்க கார் மலை மேலயே நிக்கும். காலையில ஹானியாவுல பஸ் பிடிச்சு போங்க, சாயந்தரம் படகு போற நேரத்த முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. அத விட்டா அந்த ஊர்லயே ராத்திரி தங்க வேண்டியது தான்.

ஹெராக்ளியன் பக்கத்துல இருக்குற பழங்கால நாசஸ் அரண்மனை இடிபாட்டுக்கு மத்தியானம் போகாதீங்க, நிழலே இல்ல, காலையில தொறந்த உடனே போயிடுங்க. அத மட்டும் பாத்துட்டு ஹெராக்ளியன் மியூசியத்த விட்டுட்டு வர்றவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், அரண்மனையில சுவத்துல இருக்குற ஓவியம் எல்லாம் நகல், அசல் மியூசியத்துல தான் இருக்கு, பழங்கால எழுத்து பொறிச்ச ஃபைஸ்டோஸ் களிமண் வட்டும் அங்க தான்.

வடக்க இருக்குற சாண்டோரினி தீவுக்கு ஒரே நாள்ல போயிட்டு வர்றதும் பலர் பண்றது. வேக படகுலயே போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், அங்க எறங்கி மேல ஏறவே கூட்டம். ஒரு ராத்திரியாவது தங்குற மாதிரி இருந்தா போங்க, இல்லன்னா விட்டுடுங்க.

மாசத்த பொறுத்தவரைக்கும் மே, ஜூன் ஆரம்பம், செப்டம்பர், அக்டோபர் ஆரம்பம், இதுதான் என் சாய்ஸ். ஆகஸ்ட் 15 மாதா பண்டிகை சமயம் ரூமும் கிடைக்காது, படகும் நெரம்பி இருக்கும். நவம்பர்ல போனா கரையோர ஹோட்டல்ல பாதிக்கு மேல மூடி கிடக்கும். கிரீஸ் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கோடையில அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பெரும்பாடு, அதனால தள்ளிப் போடாதீங்க.

ஊருக்கு வெளிய தனியா மலை மேல அழகான வில்லா பாத்து புக் பண்றதுக்கு முன்னாடி ராத்திரி சாப்பாட்ட யோசிங்க. டவர்னான்னு சொல்ற உள்ளூர் சாப்பாட்டுக் கடையில சாப்பிட்டு முடிச்சதும் கேக்காமலே பழத்தட்டும் ஒரு சின்ன பாட்டில் ராக்கிங்கற உள்ளூர் சாராயமும் கொண்டு வந்து வைப்பாங்க, காசு கிடையாது, ஊர் வழக்கம் அது. குடிக்கிறவங்க அதுக்கப்புறம் இருட்டுல வளைவு ரோட்டுல கார் எடுக்கவே கூடாது. நடந்து திரும்புற தூரத்துல ரூம் எடுத்துக்குங்க.