சாய்ந்த மரத்தில் கைவைக்கும் முன்
2016 டிசம்பரில் வர்தா புயல் ஓய்ந்தபோது சென்னையில் தெருவுக்குத் தெரு மரம் கிடந்தது. உங்கள் வீட்டில் மரம் சாய்ந்தால் முதலில் கிளையைப் பார்க்காதீர்கள், கம்பியைப் பாருங்கள். மின்கம்பி சிக்கியிருந்தால் கிட்டவே போக வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் சொல்லுங்கள். சென்னையில் தெருமரம் என்றால் மாநகராட்சிக்கு 1913.

அப்புறம்தான் வெட்டு. வில்லாக வளைந்து மாட்டிய கிளையை வெளிவளைவில் ஒரே வெட்டாக வெட்டினால் விர்ரென்று முகத்தில் அடிக்கும். உள்வளைவில் லேசாக அறுத்துவிட்டு, பிறகு வெளிப்பக்கம். வேரோடு பெயர்ந்த மரம் இன்னும் மோசம்: தண்டை அறுத்ததும் வேர்ப்பகுதி மண்ணோடு சட்டென்று குழிக்குள் திரும்பி உட்கார்ந்துவிடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் குழிப்பக்கம் விடாதீர்கள்.

காப்பீடு இருந்தால் வெட்டும் முன்பே நாலு படம் எடுத்துவிடுங்கள். கூலியும் முதலிலேயே பேசிவிடுங்கள்; புயலுக்கு மறுநாள் அது தங்க விலை.